அமெரிக்காவின் சார்ட்டர் பள்ளிகளில் விழாக்களுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

சார்ட்டர் பள்ளிகள் அரசு நிதியில், கட்டணமின்றி, தனி நிர்வாகத்தின்கீழ் இயங்குபவை. இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கலில் சேர்க்கை நடைபெறுவதால், பிள்ளைகள் நகரின் பல பகுதிகளிலிருந்து வருகின்றனர். அக்கம்பக்கத்துப் பழக்கம் தானாக அமையாத இடத்தில் விழாக்களே குடும்பங்களை ஒன்றுசேர்க்கின்றன.

ஹூஸ்டன் நகரில் கிறிஸ் பார்பிக் 1998-இல் நிறுவிய யெஸ் பிரெப் என்னும் சார்ட்டர் பள்ளி இதற்கு நல்ல சான்று. விளையாட்டு வீரர்கள் கல்லூரி அணிகளில் சேரக் கையொப்பமிடும் நாளை முன்மாதிரியாகக் கொண்டு 2001-இல் அங்கே தொடங்கிய விழாவில், இறுதியாண்டு மாணவர்கள் ஒவ்வொருவராக மேடையேறித் தாம் சேரவிருக்கும் கல்லூரியின் பெயரை அறிவிக்க, கீழ்வகுப்புப் பிள்ளைகள் ஆரவாரம் செய்கின்றனர். மேடையேறுவோரில் பலர் தம் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி செல்பவர்கள் என்பதால், பட்டமளிப்பைவிட இந்நாளையே நான் பெரிதாக மதிக்கிறேன்.