மெரினா பே சாண்ட்ஸ்: எதற்குக் காசு, எது இலவசம்?

விடுமுறை நெருங்கினாலே சிங்கப்பூர்ப் பயணம் பற்றிய கேள்விகள் குவிந்துவிடும். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே கட்டடத்தைப் பற்றியவை. 55 மாடிக் கோபுரங்கள் மூன்று, அவற்றின் தலைமேல் கப்பல் ஏறி உட்கார்ந்த மாதிரி ஒரு தோட்டம். கட்டடக் கலைஞர் மோஷே சஃப்டி வடிவமைத்து 2010இல் திறந்த மெரினா பே சாண்ட்ஸ்தான் அது. ஹோட்டல், சூதாட்டக்கூடம், கடைத்தெரு, அருங்காட்சியகம் எல்லாம் ஒரே வளாகத்தில் இருப்பதால், எந்த வாசலுக்குக் காசு, எது சும்மா என்று பலருக்கும் குழப்பம். அந்தக் குழப்பத்தை வைத்துப் பிழைக்கும் ஏஜென்ட்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் பேக்கேஜில் ‘மெரினா பே சாண்ட்ஸ் 57ஆம் மாடி’ என்று போட்டிருக்கிறது. மொட்டைமாடி நீச்சல் குளத்தில் குளிக்கலாம் என்று ஏஜென்ட் வாயால் சொல்கிறார். தங்குவது வேறு ஹோட்டலில். நம்பலாமா? (திருச்சி வாசகி)

நம்ப வேண்டாம். அந்தக் குளம் ஹோட்டலில் அறை எடுத்துத் தங்குபவர்களுக்கு மட்டும். நுழைவில் அறைச் சாவி அட்டையைக் காட்ட வேண்டும். ஒரு நாள் டிக்கெட், கூடுதல் கட்டணம், தெரிந்தவர் மூலமாக என்று எந்த வழியும் கிடையாது. தங்குபவரைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கூட உள்ளே போக முடியாது.

உங்கள் பேக்கேஜில் இருப்பது பார்வைத் தளத்துக்கான டிக்கெட்டாக இருக்கும். அதுவும் மேலேதான் இருக்கிறது. மூன்றாவது கோபுரத்தைத் தாண்டி அந்தரத்தில் சுமார் 65 மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் முனைதான் பார்வைத் தளம். குளம் 150 மீட்டர் நீளத்துக்கு நகரத்தைப் பார்த்தபடி தனியாகக் கிடக்கிறது. முனையில் நின்று ஊரைப் பார்க்கலாம், படம் எடுக்கலாம். அங்கிருந்து குளத்துக்குப் போக வழியில்லை. இன்னும் மோசமான பேக்கேஜ்களும் உண்டு. ‘மெரினா பே சாண்ட்ஸ் விசிட்’ என்று எழுதி, எதிர்க்கரையில் மெர்லயன் சிலை பக்கம் பேருந்தை நிறுத்திப் படம் எடுக்கச் சொல்லிக் கிளப்பிவிடுவார்கள்.

ஏஜென்டிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “பார்வைத் தள டிக்கெட் சேர்த்தியா இல்லையா? வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள்.” குளத்தைப் பற்றியும் அதே மாதிரி எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னதை எழுத்தில் தரத் தயங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. எழுதிக் கொடுத்துவிட்டு ஏமாற்றினால், நுகர்வோர் ஆணையத்தில் அந்த எழுத்துதான் உங்களுக்குப் பலம்.

கேள்வி: கல்யாணமாகி 25 வருடம். வாழ்க்கையில் ஒரு ராத்திரியாவது அங்கே தங்க வேண்டும் என்று மனைவிக்கு ஆசை. கொடுக்கும் காசுக்குத் தகுமா? (கோவை வாசகர்)

குளத்துக்காகப் போகிறீர்கள் என்றால் தகும். அறைக்காக மட்டும் என்றால் அதே ஊரில் பாதி விலைக்கு நல்ல அறை கிடைக்கும். இங்கே நீங்கள் காசு கொடுப்பது அந்தத் தண்ணீருக்கும் அதன் விளிம்புக்கும்தான். தண்ணீரில் விளிம்பைப் பிடித்து நின்றால், அதற்கு அப்பால் ஊர் மட்டும்தான் தெரியும். உண்மையில் விளிம்புக்குக் கீழே இன்னொரு வாய்க்கால் இருக்கிறது. வழியும் தண்ணீர் அதில் விழுந்து திரும்பக் குளத்துக்கே வருகிறது. கூட்டம் குறைந்திருக்கும் விடியற்காலையில் போங்கள். ராத்திரி விளக்குகள் அழகு, ஆனால் செல்ஃபி எடுக்கிறவர்கள் விளிம்பை விட மாட்டார்கள்.

இனி பணக் கணக்கு. சிங்கப்பூரில் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், சேவைக் கட்டணமும் ஜிஎஸ்டியும் தனி என்று பொருள். 800 சிங்கப்பூர் டாலர் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சதவீதச் சேவைக் கட்டணம் சேர்ந்தால் 880. அதன்மேல் 9 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 959 டாலர் 20 காசு. ஆக, கிட்டத்தட்ட 20 சதவீதம் ஏறிவிடும். முன்பதிவுத் தளங்களை ஒப்பிடும்போது கடைசிப் பக்கத்தில் வரும் மொத்தத் தொகையை மட்டும் பாருங்கள். ஃபார்முலா ஒன் பந்தயம் நடக்கும் வாரத்தில் ஊர் முழுக்க அறை விலை எகிறும், அந்த நாட்களைத் தவிருங்கள். எந்த அறை எடுத்தாலும் குளம் ஒன்றுதான். ஆகவே நகரக் காட்சிக்காகக் கூடுதலாகக் கொடுப்பது அவசியமில்லை என்பேன். நகரத்தை மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. அறை எடுக்கும்போது உங்கள் கார்டில் முன்பணமாக ஒரு தொகையைப் பிடித்துவைப்பார்கள். அது செலவு இல்லை, ஆனால் விடுபடச் சில நாள் ஆகும். டெபிட் கார்டு கொடுத்தால் அத்தனை நாளும் உங்கள் பணம் முடங்கும். கிரெடிட் கார்டு கொடுங்கள்.

கேள்வி: வயதான அப்பா அம்மா, இரண்டு குழந்தைகள். சூதாட்ட இடம் என்பதால் குழந்தைகளோடு போகலாமா? ஒரு சாயங்காலம்தான் இருக்கிறது, அதிகம் செலவழிக்க முடியாது. (நாகர்கோவில் வாசகி)

தாராளமாகப் போகலாம். 21 வயது நிரம்பாதவர்களுக்குச் சூதாட்டக்கூடம் மட்டும்தான் கூடாது. அதன் வாசலில் ஆட்கள் நின்று பாஸ்போர்ட் பார்ப்பார்கள். தெரியாமல் நுழைந்துவிட வாய்ப்பே இல்லை. மற்றபடி கடைத்தெருவும் ஹோட்டல் முன்கூடமும் எல்லோருக்கும் திறந்தவை. சொல்லப்போனால் அங்கே மிகச் சிறந்தவை பலவும் இலவசம்தான்.

எம்ஆர்டி ரயிலில் பேஃபிரண்ட் நிலையத்தில் இறங்குங்கள். மழை, வெயில் படாமல் நேரே கடைத்தெருவுக்குள் போய்விடலாம். உள்ளே ஒரு வாய்க்கால் ஓடும். அதன் மேலே கூரையில் அகலமான கண்ணாடிக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட நேரங்களில் அதில் தண்ணீர் சுழித்துச் சுழித்து நிறைந்து, நடுத் துவாரம் வழியாகக் கீழே வாய்க்காலில் கொட்டும். கலைஞர் நெட் கான் செய்தது. கிண்ணத்தின் மேல்பக்கத்தை வெளியே தரைமட்டத்திலிருந்தும், விழும் தண்ணீரைக் கீழிருந்தும் பார்க்கலாம். குழந்தைகள் இரண்டையும் பார்க்காமல் நகர மாட்டார்கள். ஹோட்டல் முன்கூடத்தில் ஆன்டனி கோர்ம்லியின் எஃகுக் கம்பிச் சிற்பம் தலைக்குமேல் மேகம் போலப் படர்ந்திருக்கும். தங்குபவர்களா என்று யாரும் கேட்கப் போவதில்லை, நின்று பாருங்கள்.

அங்கிருந்து நடைபாலம் வழியாகப் பின்னால் இருக்கும் கார்டன்ஸ் பை தி பேவுக்குப் போங்கள். லிஃப்ட் இருப்பதால் முட்டி வலிக்காரர்களுக்கும் சிரமமில்லை. வெளித்தோட்டம் இலவசம், இரண்டு கண்ணாடிக் குளிர்மாடங்கள், செயற்கை ராட்சத மரங்களுக்கு நடுவே கட்டிய உயரப் பாலம் போன்ற சிலவற்றுக்குத்தான் டிக்கெட். அந்த ராட்சத மரங்களின் இசை, ஒளிக் காட்சி இரவு 7.45க்கும் 8.45க்கும். முதல் காட்சியைத் தரையில் படுத்துக்கொண்டு பாருங்கள், அப்படித்தான் எல்லோரும் பார்ப்பார்கள். முடிந்ததும் மெதுவாக நடந்து திரும்பினால், கடல்முகப்பில் 9 மணிக்கு ஸ்பெக்ட்ரா என்ற நீரூற்றுக் காட்சி. அதுவும் இலவசம், கால் மணி நேரம் நடக்கும். பராமரிப்புக்காகச் சில நாள் நிறுத்துவார்கள், கிளம்பும் முன் அவர்கள் இணையதளத்தில் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பா அம்மாவுக்கு மேலே ஏற ஆசை என்றால் பார்வைத் தளத்துக்கு டிக்கெட் எடுங்கள். மழை, இடி என்றால் திறந்த தளத்தை மூடிவிடுவார்கள், ஆகவே வானம் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூர் நிரந்தரவாசம். மாதம் இரண்டு மூன்று தடவை கேசினோ போகிறார். “கார்டு போட்டிருக்கிறேன், சாப்பாடு, அறை எல்லாம் சும்மா தருகிறார்கள்” என்கிறார். நிஜமாகவே சும்மாவா? மகள் அழுகிறாள். (ஊர் வேண்டாம் என்ற வாசகர்)

ஐயா, சும்மா எதுவும் இல்லை. வெளிநாட்டுப் பயணிகளுக்கு நுழைவு இலவசம். ஆனால் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒவ்வொரு 24 மணி நேரத்துக்கும் 150 டாலர் நுழைவு வரி கட்ட வேண்டும். வருடத்துக்கு என்றால் 3,000. 2019 ஏப்ரல் வரை இது 100, 2,000 என்றுதான் இருந்தது. ஆட்கள் யோசித்து நுழையட்டும் என்றே கூட்டினார்கள். இந்த வரியைக் கேசினோ திருப்பித் தரச் சட்டம் இடம் கொடுக்காது. ஆகவே மாதம் மூன்று தடவை என்றால், ஒரு சீட்டைத் தொடும் முன்பே 450 டாலர் போய்விட்டது.

அடுத்து ஆட்டம். ரூலெட் சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள், கூட ஒரு பூஜ்யம், ஆக 37 குழிகள். எல்லா எண்ணிலும் ஒவ்வொரு டாலர் வைத்தால் 37 டாலர் செலவு. பந்து எங்கே விழுந்தாலும் கைக்கு வருவது 36. அந்த ஒரு டாலர் கேசினோவுடையது, சதவீதத்தில் 2.7. இரண்டு பூஜ்யம் இருக்கும் மேசையில் 5.26. பக்கரா என்ற சீட்டாட்டத்தில் ‘பேங்கர்’ பக்கம் வைத்தால் 1.06 சதவீதம்தான், ஆனால் ‘டை’ (இரு பக்கமும் சமம்) மீது வைத்தால் 14 சதவீதத்துக்கும் மேல். ஒரு நாள் ஜெயிக்கலாம், யாரும் மறுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போகிறவரை இந்தக் கணக்கு விடாது. அவர் கையில் இருக்கும் கேசினோ கார்டு, எவ்வளவு பந்தயம் கட்டினார் என்று பதிவு செய்கிறது. அவரிடம் எதிர்பார்க்கும் நஷ்டத்தில் ஒரு பங்கைத்தான் சாப்பாடாகவும் அறையாகவும் திருப்பித் தருகிறார்கள்.

மகளிடம் இதை இன்றே சொல்லுங்கள்: சிங்கப்பூரில் சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றம் ஒன்று இருக்கிறது. மாப்பிள்ளை தானே ‘என்னை உள்ளே விடாதீர்கள்’ என்று பதிவு செய்துகொள்ளலாம். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் மனைவியே குடும்பத் தடை கேட்டு விண்ணப்பிக்கலாம். மன்றம் இரு தரப்பையும் கேட்டு முடிவெடுக்கும். தடை வந்துவிட்டால் சிங்கப்பூரில் இருக்கும் இரண்டு கேசினோவிலும் அவரை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். மன்றத்தின் உதவித் தொலைபேசியும் ஆலோசனையும் உண்டு. வங்கி அறிக்கைகளை எடுத்து வைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

கேள்வி: அங்கே கடைத்தெருவில் கைப்பை வாங்கினால் ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்குமாமே? மகள் அங்கே வேலை பார்க்கிறாள், அவள் கார்டில் வாங்கலாமா? (மதுரை வாசகி)

கிடைக்கும், ஆனால் சுற்றுலாப் பயணிக்குத்தான். வேலை அனுமதியில் இருக்கும் மகள் வாங்கினால் கிடைக்காது. நீங்களே வாங்குங்கள், உங்கள் பாஸ்போர்ட்டைக் கடையிலேயே காட்டுங்கள். திட்டத்தில் சேர்ந்த கடையில் குறைந்தது 100 டாலருக்கு வாங்க வேண்டும். 1,090 டாலர் பையில் வரி 90 டாலர். அதில் கையாளும் கட்டணம் கழித்து மீதி வரும். ஹோட்டல் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கிடையாது. சாங்கி விமான நிலையத்தில், பையைப் பெட்டியில் வைத்து லக்கேஜில் போடுவதாக இருந்தால் செக்இன் செய்யும் முன்பே ஜிஎஸ்டி திரும்பப் பெறும் இயந்திரத்தில் பதிவு செய்யுங்கள்; சுங்க அதிகாரி பொருளைக் காட்டச் சொல்லலாம். பேருந்தில் மலேசியா போய் அங்கிருந்து ஊர் திரும்புவதாக இருந்தால் இந்தப் பணம் கிடையாது.

பணம் கட்டும்போது இயந்திரம் “ரூபாயிலா, சிங்கப்பூர் டாலரிலா” என்று கேட்டால் டாலரையே அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தை அவர்கள் வைப்பார்கள், அது பெரும்பாலும் உங்கள் வங்கி விகிதத்தைவிட மோசமாக இருக்கும்.

கேள்வி: சைவச் சாப்பாடு அங்கே கிடைக்குமா? (கும்பகோணம் வாசகர்)

கிடைக்கும், விலைதான் கடிக்கும். கட்டுப்படியாகாது என்றால் பேஃபிரண்ட் நிலையத்தில் டவுன்டவுன் பாதை ரயில் பிடியுங்கள்; மாறாமல் நான்காவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. இறங்கினால் சிராங்கூன் சாலை. 1947 முதல் இருக்கும் கோமள விலாஸ் சைவ உணவகம் அங்கேதான். இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு 9 மணி நீரூற்றுக் காட்சிக்குத் திரும்பி வந்துவிடலாம்.