உயர்நிலைப் பள்ளி ஓவிய வகுப்பில் பிள்ளைகள் முடித்துக் கொடுக்கும்படியாக என்ன ப்ராஜெக்ட் தரலாம்?

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. 14 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு என்ன வரையக் கொடுப்பது என்பது ஒன்று. கொடுத்ததை ஏன் பாதியில் போட்டுவிடுகிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவதை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதைச் சரிசெய்யாமல் எந்த ப்ராஜெக்ட் கொடுத்தாலும் அதே கதிதான்.

பாதியில் நிற்கும் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். திறமைக் குறைவைவிடத் தாளின் அளவுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஏ3 தாளின் பரப்பு ஏறக்குறைய 1,247 சதுர சென்டிமீட்டர். கூரான பென்சில் முனையால் அதை முழுக்க ஷேடிங் செய்வதென்றால் கை பழகியவருக்கே பல மணி நேரம் பிடிக்கும். அதே தாளில் 15×20 செ.மீ. சட்டம் ஒன்று போட்டு அதற்குள் வரையச் சொன்னால் பரப்பு 300 சதுர செ.மீ.தான், கால் பங்குக்கும் குறைவு. பென்சிலுக்கும் பேனாவுக்கும் சிறிய சட்டம், கரிக்கட்டிக்கும் அகலத் தூரிகைக்கும் வெட்டி ஒட்டும் காகிதத்துக்கும் பெரிய தாள். இந்த ஒரு மாற்றம் செய்தாலே முடிந்து வரும் படங்கள் கூடும்.

அடுத்த காரணம், ஒரே படத்தில் எல்லாவற்றையும் கேட்பது. அளவு சரியாக வேண்டும், நிழல் வேண்டும், நிறம் வேண்டும், அமைப்பும் நன்றாக இருக்க வேண்டும் என்றால் பிள்ளை எதில் தொடங்குவான்? ஒரு ப்ராஜெக்ட்டுக்கு ஒரு சிக்கல் போதும். மற்றதையெல்லாம் நீங்களே தீர்மானித்துக் கொடுத்துவிடுங்கள். கீழே சொல்லும் எல்லாமே அந்தக் கணக்கில்தான்.

முதலில் நிழல். 2 செ.மீ. சதுரக் கட்டங்கள் ஏழு, ஒன்றையொன்று ஒட்டியபடி ஒரே பட்டையாக. முதல் கட்டம் வெறும் தாள், ஏழாவது 6பி பென்சிலால் முடிந்த அளவு கறுப்பு (பென்சிலில் எச் என்றால் கடினம், வெளிராக வரும்; பி என்றால் மென்மை, கறுப்பாக வரும்). இடமிருந்து வலமாக வரிசையாகப் போனால் நான்காவது கட்டத்திலேயே கறுப்பு தீர்ந்துவிடும். பிறகு 5, 6, 7 மூன்றும் ஒன்றுபோல் இருக்கும். அதனால் ஏழாவதை முதலில் முடிக்க வேண்டும், அடுத்து நடுவில் உள்ள நான்காவது, அதன்பிறகு இடையில் இருப்பவை. இரண்டாவதற்கு 2எச், மூன்றாவதற்கு எச்பி, நடுவுக்கு 2பி, பிறகு 4பி என்று பென்சிலை மாற்ற வேண்டும். எச்பியை அழுத்தித் தேய்த்துக் கறுப்பு வரவழைக்கப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. அப்படிச் செய்தால் தாளின் சொரசொரப்பு நசுங்கி, கிராஃபைட் பளபளக்கும்; அதற்குமேல் 6பி போட்டாலும் பிடிக்காது. விரலால் தேய்த்து மென்மையாக்குவதையும் நிறுத்துங்கள். தோலின் எண்ணெய்ப் பசை தாளில் திட்டாக ஏறும், ரப்பருக்கும் போகாது. கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் இருக்கட்டும்.

பட்டை முடிந்ததும் அதையே பயன்படுத்தும் படம்: கசக்கிய வெள்ளைத் தாள். வரைவதற்கு இதைவிட நல்ல பொருள் வகுப்பறையில் இல்லை என்பேன். யாருக்கும் அதன் வடிவம் முன்கூட்டியே தெரியாது, எனவே நினைவிலிருந்து வரைய முடியாது, பார்த்துத்தான் ஆக வேண்டும். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரட்டும். கூரையில் நாலைந்து ட்யூப் லைட் எரிந்தால் நிழல்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் வையுங்கள். அவுட்லைன் கூடாது என்று ஒரே ஒரு கட்டுப்பாடு. வெள்ளைப் பொருளைச் சுற்றி வெள்ளையாகவே விட்டால் ஓரம் தெரியாது, பிள்ளை தானாகக் கோடு போட்டுவிடும். அதனால் பின்னணியை முதலிலேயே 4பியால் கறுப்பாக்கச் சொல்லுங்கள், ஓரம் தானாக எழுந்து வரும்.

மாதிரிப் படத்திலும் தாளிலும் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பார்த்து முகம் வரைவது நீங்கள் ஏற்கெனவே கொடுத்திருப்பீர்கள். அளவு மட்டும் சொல்கிறேன்: 9×12 செ.மீ. படத்தில் 1.5 செ.மீ. கட்டம், 18×24 செ.மீ. சட்டத்தில் 3 செ.மீ. கட்டம். இரண்டிலும் ஆறுக்கு எட்டு, 48 கட்டங்கள். முகம் இழுத்துப்போய் வந்தால் பிள்ளையின் கையைக் குறை சொல்லும் முன் கட்டத்தை அளந்து பாருங்கள். பெரும்பாலும் படத்தின் நீள அகல விகிதமும் தாளின் விகிதமும் வேறாக இருந்து, சதுரத்துக்குப் பதில் செவ்வகம் விழுந்திருக்கும். தாளில் கட்டக் கோட்டை 2எச் பென்சிலால் அழுத்தாமல் போட வேண்டும். அழுத்திப் போட்ட கோடு கன்னத்தின் குறுக்கே கடைசிவரை நிற்கும். ஒரு கட்டம் அளவுக்குத் துளை போட்ட அட்டையைப் படத்தின்மேல் வைத்து, தெரிவதை மட்டும் வரையச் சொன்னால் ‘கண்’, ‘மூக்கு’ என்று மனதில் இருக்கும் பொம்மை வடிவங்கள் குறுக்கே வராது. கட்டம் போடுவது ஏமாற்று வேலை என்று யாராவது சொன்னால், இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஆல்பெர்ட்டி 15-ஆம் நூற்றாண்டிலேயே நூல் கட்டத் திரை வழியாகப் பார்த்து வரையும் முறையை எழுதி வைத்திருக்கிறார் என்று சொல்லுங்கள்.

டிசைனுக்கு வருகிறேன். வரைய வராது என்று ஒதுங்கி உட்காரும் பிள்ளைகள் நன்றாகச் செய்யக்கூடியது இதுதான்: எல்லாப் பக்கமும் இணைப்பு தெரியாமல் தொடரும் பேட்டர்ன்.

16×16 செ.மீ. தாள். முதலில் மூலைமட்டம் வைத்து நான்கு ஓரங்களையும் சரிபார்த்து வெட்டுங்கள். காரணம் பிறகு புரியும். தாளின் நடுவில் இலையோ சக்கரமோ மீனோ வரையட்டும். எந்த ஓரத்தையும் தொடக்கூடாது, சுற்றிலும் 2 செ.மீ. வெறுமையாக இருக்கட்டும். பின்பக்கத்தில் நான்கு கால்பகுதிக்கும் 1, 2, 3, 4 என்று எண் போட்டுவிட்டு, மேலிருந்து கீழாக இரண்டாக வெட்டி, இடது துண்டை வலப்பக்கமும் வலது துண்டை இடப்பக்கமும் மாற்றி வைத்துப் பின்பக்கம் செலோடேப் ஒட்ட வேண்டும். முன்பக்கம் ஒட்டினால் அந்த இடத்தில் பென்சிலும் பெயிண்ட்டும் பிடிக்காது. இப்போது படம் பிளந்து இரு ஓரங்களுக்கும் போயிருக்கும், நடுவில் காலியிடம் கிடைக்கும். அதை நிரப்பட்டும், இம்முறையும் வெளி ஓரத்தைத் தொடாமல். அடுத்து இடமிருந்து வலமாகக் குறுக்கே வெட்டி, மேல் துண்டைக் கீழேயும் கீழ்த் துண்டை மேலேயும் மாற்றி ஒட்டி, நடுவில் கிடைக்கும் இடைவெளியை நிரப்ப வேண்டும். எங்காவது இன்னும் வெறுமை தெரிந்தால் மறுபடி ஒருமுறை இட வலம் மாற்றிப் பார்க்கலாம்.

இங்கே பலரும் பயப்படுவது, வெட்டு நடுவில் விழாமல் போய்விடுமோ என்று. அது தவறினால் ஒன்றும் கெடாது. வெட்டிய இரு விளிம்பும் ஒரே கோட்டிலிருந்து பிறந்தவை, அடுத்த கட்டத்தோடு எப்படியும் பொருந்தும். கெடுவது தாளின் பழைய வெளி ஓரம் கோணலாக இருந்தால்தான். அந்த ஓரங்கள்தான் நடுவில் வந்து சேர்கின்றன, சேராமல் இடுக்கு விழும். முதலில் மூலைமட்டம் வைத்தது அதற்காகத்தான்.

முடிந்த கட்டத்தை ஒன்பது நகல் எடுத்து மூன்றுக்கு மூன்றாக அடுக்கிச் சில அடி தள்ளி நின்று பாருங்கள். குறுக்கே வெள்ளைப் பட்டை ஓடுகிறதா? எல்லா உருவமும் ஒரே அளவில் ஒரே திசையில் இருந்தால் அப்படி ஓடும். பெரிதாக ஒன்று, நடுத்தரமாக இரண்டு மூன்று, மீதி இடத்தில் பொடியாகப் பல, கொஞ்சம் திருப்பித் திருப்பி வைத்தால் பட்டை உடையும். இந்தத் திருத்தம்தான் ப்ராஜெக்ட்டின் உயிர், இதற்கு ஒரு வகுப்பு முழுக்கக் கொடுங்கள். இன்னொன்று: இப்படிச் செய்த கட்டம் நேராக அடுக்கத்தான் பொருந்தும். ஒரு நெடுவரிசை விட்டு ஒரு நெடுவரிசையை அரைக் கட்டம் கீழே இறக்கி அடுக்கினால் பக்கவாட்டு ஓரங்கள் ஒட்டாது. அந்த வகைக்கு வெட்டும் முறையே வேறு, முதல் தடவைக்கு வேண்டாம்.

அதே பேட்டர்னை நிறப் பாடத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம். வரைவது முடிந்துவிட்டதால் கவனம் முழுக்க நிறத்தில் இருக்கும். இரண்டு போஸ்டர் கலர், வெள்ளை, அவ்வளவுதான். இவற்றைக் கலந்தே ஐந்தாறு நிறம் கிடைக்கும். வெளிர் நிறம் வேண்டுமென்றால் வெள்ளையை எடுத்து அதில் நிறத்தைத் துளித் துளியாகச் சேர்க்க வேண்டும். நிறத்தில் வெள்ளையைக் கொட்டிக்கொண்டே போனால் புட்டிதான் காலியாகும். மஞ்சளைக் கருமையாக்கக் கறுப்பு சேர்த்தால் பாசிப்பச்சை வரும், பழுப்பு சேர்த்துப் பாருங்கள். ஊதா சேறு மாதிரி வருகிறது என்ற புகாருக்குக் காரணம் ஆரஞ்சு சாயும் சிவப்பும் பச்சை சாயும் நீலமும்; கிரிம்சன் சிவப்பும் அல்ட்ராமெரீன் நீலமும் எடுத்தால் ஊதா தெளிவாக வரும். ஒரு நிறத்துக்குத் தேவையானதை ஒரே தடவையில் கலந்து மூடியுள்ள டப்பாவில் வைக்க வேண்டும், இரண்டாவது தடவை அதே நிறம் வராது. ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். துண்டுத் தாளில் தடவிக் காயவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பெர்ஸ்பெக்டிவ், அதாவது தூரம் தெரியும்படி வரைவது பற்றிச் சுருக்கமாக. இரு மறையும் புள்ளிகளையும் (பெட்டியின் இரு பக்கக் கோடுகளும் தூரத்தில் போய்ச் சேரும் புள்ளிகள்) ஏ4 தாளுக்குள்ளேயே வைப்பதால்தான் பெட்டியும் கட்டடமும் முறுக்கிக்கொண்டு தெரிகின்றன. தாளைப் பெரிய சார்ட்டின் நடுவில் ஒட்டி, புள்ளிகளைச் சார்ட்டின் இரு ஓரங்களில் வையுங்கள். சோதனை எளிது: நமக்கு அருகில் உள்ள மூலையில் மேல் கோடுகள் இரண்டும் சேரும் கோணம் 90 டிகிரிக்குக் குறைந்தால் படம் நம்பும்படி இருக்காது. புள்ளிகளை இன்னும் விலக்க வேண்டும், அல்லது மூலையைக் கண்மட்டக் கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும்.

மதிப்பெண்ணையும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகள் எதற்கு உழைக்கிறார்கள் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. முதல் வகுப்பில் 5×7 செ.மீ. அளவில் நான்கு சிறு வரைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம். அவற்றில் ஒன்றைத் தேர்ந்து, ஏன் இது என்று ஒரு வரி எழுதட்டும். 100-க்கு 40 மதிப்பெண்ணை இந்தச் சிறு வரைவுக்கும் நிறச் சோதனைத் துண்டுக்கும் திருத்தத்துக்கும் ஒதுக்கலாம். இறுதிப் படத்துக்கு மட்டுமே மதிப்பெண் என்றால், ஏற்கெனவே வரையத் தெரிந்த பிள்ளை கடைசி நாள் இரவில் வரைந்து வாங்கிவிடும், கற்றுக்கொள்ள வந்த பிள்ளைக்கு ஒன்றும் மிஞ்சாது. ஒரு ப்ராஜெக்ட்டுக்கு ஆறு வகுப்பு போதும். நான்காவது வகுப்பின் முடிவில், முடியாத படங்களையும் சேர்த்து எல்லாவற்றையும் சுவரில் மாட்டி, ஒவ்வொருவரும் தன் படத்தில் அடுத்து மாற்றப்போகும் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லட்டும். அதைத் திருத்த இன்னும் இரண்டு வகுப்பு கையில் இருக்கும்.