‘ஃப்ரீசர் இல்லை’ என்று போர்டு, உள்ளே மைனஸ் 18 டிகிரி பெட்டி: வழக்குப் போடலாமா?

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். வியாசர்பாடியில் குடியிருக்கிறேன். பெரம்பூர் பக்கம் ஒரு பர்கர் கடையில் ‘தினமும் காலையில் வெட்டிய ஃப்ரெஷ் பீஃப், எங்களிடம் ஃப்ரீசரே கிடையாது’ என்று பெரிய போர்டு வைத்திருக்கிறார்கள். மற்ற கடைகளைவிட ஒரு பர்கருக்கு 60 ரூபாய் அதிகம். போர்டை நம்பி, தங்கச்சி பிறந்தநாளுக்கு ஆறு பர்கர் வாங்கினேன். காத்திருந்தபோது உள்ளே ஒரு பையன், ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிக் கிடந்த கறி வட்டங்களைக் கரண்டிக் காம்பால் தட்டித் தட்டிப் பிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அட்டைப்பெட்டி. ‘உறைய வைத்த எருமை இறைச்சி, மைனஸ் 18 டிகிரியில் வைக்கவும்’ என்று இருந்தது. பேக் செய்து நாலு மாதம் ஆகியிருந்தது. கவுன்டரில் நின்றபடியே போட்டோ எடுத்தேன். கேட்டதற்கு மேனேஜர், “மாட்டுக்கறி தின்னுட்டு கம்ப்ளைன்ட் வேறயா? ஸ்டேஷனுக்குப் போனா நீதான் உள்ள போவ” என்றார். பில்லும் தரவில்லை. போனில் பணம் அனுப்பியதற்கு மட்டும் பதிவு இருக்கிறது. சாப்பிட்ட யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வழக்குப் போட முடியுமா? எனக்கு ஏதாவது சிக்கல் வருமா?

பதில்:

தம்பி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பயத்தோடு மற்றதைப் படித்தால் மனசில் நிற்காது. தமிழ்நாட்டில் மாட்டுக்கறி வாங்குவதும் சாப்பிடுவதும் குற்றமே கிடையாது. இங்கே இருப்பது 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம். எந்த மாட்டை அறுக்கலாம், அதற்கு யாரிடம் சான்று வாங்க வேண்டும் என்பதைத்தான் அது சொல்கிறது. அதில் வரும் கட்டுப்பாடு எல்லாம் அறுப்பவருக்கு. தட்டில் வைத்துச் சாப்பிடுபவருக்கு அதில் ஒரு வரி கூட இல்லை. மேனேஜர் உங்களுக்குச் சட்டம் சொல்லவில்லை, மிரட்டிப் பார்த்திருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். நான் புளியந்தோப்பில் வளர்ந்தவன். விடிவதற்கு முன்னால் ஒயர் கூடையோடு அம்மா தொட்டிப் பக்கம் (ஆடு மாடு அறுக்கும் கூடம்) கிளம்புவார், நானும் கூடப் போவேன். கடையில் கறியை எடுத்துக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவார். விழுந்த பள்ளம் உடனே மேலே வந்தால் வாங்குவார், வராவிட்டால் அடுத்த கடை. விற்பவர் யாரும் அதற்காக அம்மாவிடம் முகம் சுளித்ததில்லை. நம் பக்கத்து ஜனங்களுக்குக் கட்டுப்படியாகிற, சத்துள்ள சாப்பாடு இது. ஆட்டுக்கறி வாங்குபவருக்கு இருக்கிற அதே உரிமை மாட்டுக்கறி வாங்குபவருக்கும் இருக்கிறது. ‘இதைத் தின்பவன் வாய் திறக்க மாட்டான்’ என்ற நம்பிக்கையில்தான் அந்த மேனேஜர் அப்படிப் பேசியிருக்கிறார். நீங்கள் வாய் திறந்தது சரி.

இப்போது வழக்குக்கு வருவோம். கறியை உறைய வைத்தது தப்பில்லை. பர்கர் வியாபாரம் உலகம் முழுக்கப் பெரும்பாலும் உறைந்த கறியில்தான் ஓடுகிறது. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் தன்னுடைய குவார்ட்டர் பவுண்டர் பர்கருக்கு உறையாத கறியைப் பெரும்பாலான கடைகளில் கொண்டுவந்ததே 2018இல்தான். சின்ன பர்கர்களுக்கு உறைந்த கறியையே வைத்துக்கொண்டது. அங்கே வென்டீஸ் என்ற நிறுவனம் ‘எங்கள் கறி உறையவே உறையாது’ என்பதைச் சொல்லியே பேர் வாங்கியது. இந்த இரண்டு கம்பெனிகளும் இந்தியாவில் மாட்டுக்கறி விற்பதில்லை. அந்த விளம்பர வாசகத்தை மட்டும் நம் ஊர்க் கடைகள் எடுத்துக்கொண்டன.

முறையாக, வேகமாக உறைய வைத்து, மைனஸ் 18 டிகிரிக்கு மேல் ஏறாமல் காத்த கறி பாதுகாப்பானது. சரியாக வைக்காத ‘ஃப்ரெஷ்’ கைமாவைவிட அது எவ்வளவோ மேல். கைமா போடும்போது கறியின் மேற்பரப்பில் இருக்கும் கிருமி உள்ளே எல்லாம் கலந்துவிடும், அதனால் நடுப்பகுதி வரை நன்றாக வேக வேண்டும். வித்தியாசம் ருசியில் தெரியும். கறிக்குள் இருக்கிற நீர் உறையும்போது உண்டாகும் ஐஸ் துகள்கள் தசையைக் கிழிக்கும். உருகும்போது சாறு வடிந்து, கறி கொஞ்சம் சக்கையாகும். மெதுவாக உறைய வைத்தால் இது இன்னும் அதிகம். உங்களுக்கு ஏற்பட்ட நஷ்டம் அதுதான். 60 ரூபாய் கூடக் கொடுத்து ஒன்று கேட்டீர்கள், வேறொன்று கிடைத்தது. ஆகவே புகாரில் ‘கெட்டுப்போன கறி’ என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். யாருக்கும் வயிறு வலிக்கவில்லை என்பதைக் காட்டி எதிர்த்தரப்பு உங்களை மடக்கிவிடும். ‘போர்டில் சொன்னது பொய்’ என்று மட்டும் எழுதுங்கள்.

‘ஃப்ரெஷ்’ என்பது கடைக்காரர் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளும் சொல் கிடையாது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் கொண்டுவந்த விளம்பர ஒழுங்குமுறையில் அதற்கு வரையறை இருக்கிறது. கழுவுவது, தோல் உரிப்பது, வெட்டுவது, குளிர வைப்பது போன்றவை மட்டும் செய்த உணவைத்தான் அப்படிச் சொல்லலாம். கெடாமல் நாள் நீடிக்கும்படி பதப்படுத்தியிருந்தால் அந்தச் சொல்லைப் போடக் கூடாது. இதில் ‘குளிர வைப்பது’ என்ற இடத்தைக் கவனியுங்கள். நாளைக்குக் கடைக்காரர், “ஃப்ரிட்ஜில் வைத்தோம், அது குளிர வைத்ததுதான்” என்று சொல்லப்போகிறார். ஃப்ரிட்ஜில் குளிர வைப்பது வேறு, உறைய வைப்பது வேறு. நாலு மாதம் முன்னால் பேக் செய்த பெட்டிக்கு முன்னால் அந்தப் பேச்சு நிற்காது. ‘தினமும் காலையில் வெட்டியது’ என்ற வாசகம் அதைவிட மோசமாக அவருக்கு எதிராகப் போகும்.

அவருடைய அடுத்த பதில், “அது பழைய காலிப் பெட்டி, வேறு சாமான் போட்டு வைத்திருந்தோம்” என்பதாக இருக்கும். உங்கள் போட்டோவில் பெட்டியின் லேபிளும் உறைந்த கறியும் ஒரே படத்தில் இருக்கின்றனவா? இருந்தால் வழக்கு வலுவானது. பெட்டி மட்டும் இருந்தால் கொஞ்சம் உழைக்க வேண்டும். இன்றைக்கே போய் போர்டைத் தெருவிலிருந்து போட்டோ எடுத்துவிடுங்கள், புகார் போன மறுநாள் அது காணாமல் போகும். அவர்கள் ஆன்லைனில் போட்டிருக்கும் மெனுவையும் எடுத்து வையுங்கள். போட்டோ எடுத்த போனை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். கறியை லேபுக்கு அனுப்பலாமா என்று தோன்றும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 40ஆவது பிரிவில், வாங்கியவரே கட்டணம் கட்டிச் சோதிக்க வழி இருக்கிறது, ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டும். அதோடு, வெந்துபோன கறியை வைத்து அது உறைந்து உருகியதா என்று காட்டுவது கடினம். உங்கள் விஷயத்தில் அந்தச் செலவு வேண்டாம். சாட்சி சொல்லப்போவது அட்டைப்பெட்டியும் கடைக்காரர் கறி வாங்கிய பில்லும்தான்.

அந்த பில்லைப் பார்க்க அதிகாரம் உள்ளவர் உணவுப் பாதுகாப்பு அலுவலர். ஆகவே முதல் புகார் அங்கே போகட்டும். மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. போட்டோ, தேதி, நேரம், கடையின் முகவரி எல்லாம் போடுங்கள். கடையில் 14 இலக்க உரிம எண் மாட்டியிருக்க வேண்டும், அதையும் குறிப்பிடுங்கள். பொய் விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் 53ஆவது பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். ஆனால் அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போகும், உங்களுக்கு வராது.

உங்களுக்கான இடம் நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், அதனால் சென்னை வடக்கு மாவட்ட ஆணையமே போதும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். பில் தர மறுத்ததும் அந்தச் சட்டத்தில் தனியாக ஒரு நேர்மையற்ற வணிக நடைமுறைதான், அதையும் ஒரு பத்தியாக எழுதுங்கள். பணம் கட்டியதற்குப் போனில் இருக்கும் பதிவு போதுமான ஆதாரம்.

பெட்டியில் ‘எருமை’ என்று இருந்ததே, அதுவும் மோசடிதானே என்று நினைக்கலாம். நம் ஊரில் பீஃப் என்ற சொல்லில் எருமையும் அடங்கும் என்று கடைக்காரர் வாதாடுவார், பழக்கமும் அவர் பக்கம்தான். அதை முக்கியக் குற்றச்சாட்டாக வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

எவ்வளவு கிடைக்கும்? ஆறு பர்கருக்குக் கூடுதலாகக் கொடுத்தது 360 ரூபாய். அது திரும்ப வரும். மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் சில ஆயிரங்கள் எதிர்பார்க்கலாம். லட்சக்கணக்கில் வரும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் உங்களை வழக்குப் போடச் சொல்வது வேறு இரண்டு உத்தரவுகளுக்காக. அந்த நடைமுறையை நிறுத்தச் சொல்லி உத்தரவிடவும், பொய் விளம்பரத்தைத் திருத்தி மறு விளம்பரம் செய்யச் சொல்லவும் ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. மனுவில் இரண்டையும் மறக்காமல் கேளுங்கள். அந்தக் கடையில் இதே போர்டை நம்பி வாங்கிய நண்பர்கள் இருந்தால், ஆணையத்தின் அனுமதியோடு எல்லோருக்குமாகச் சேர்த்துக்கூடப் போடலாம்.

அப்புறம் இரண்டு விஷயம். போட்டோவை இன்ஸ்டாகிராமில் போட்டுக் கடை பேரைச் சொல்லித் திட்டாதீர்கள். ஒரு சொல் கூடிப்போனால் அவதூறு என்று அவர் உங்கள் மேல் திரும்புவார், பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் 356ஆவது பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. இரண்டாவது, கறியைத் தட்டிப் பிரித்த அந்தப் பையனைச் சாட்சியாக இழுக்காதீர்கள். போர்டு எழுதியது அவன் இல்லை, வேலை போனால் அவனுக்கு அடுத்த வேளைச் சோறு போய்விடும். உங்கள் போட்டோவில் அவன் முகம் இருந்தால், மனுவோடு தரும் பிரதியில் மறைத்துக் கொடுங்கள். மூலப் படம் போனில் அப்படியே இருக்கட்டும்.

இந்த வாரமே கடைக்கு ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். ஒரு பக்கம் போதும். எந்தத் தேதி, என்ன போர்டு, என்ன பார்த்தேன், எவ்வளவு கொடுத்தேன், 15 நாளில் பதில் வேண்டும் என்று எழுதிப் ஸ்பீடு போஸ்ட்டில், கடையில் சேர்ந்ததற்கான சான்று கேட்டுப் போடுங்கள். தமிழிலேயே எழுதலாம். அந்தச் சான்று கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள், மனுவை நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.