ஐந்து வருட வணிக முகாமைத்துவப் பட்டத்தில் என்னதான் படிப்பிக்கிறார்கள்?

நிலாவெளியில் இருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார்:

"சேர், உயர்தரம் வணிகப் பிரிவில் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் ஐந்து வருட ஒருங்கிணைந்த வணிக முகாமைத்துவப் பட்டம் இருக்கிறது, இளமாணியும் முதுமாணியும் ஒன்றாகக் கிடைக்கும் என்று ஒரு முகவர் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். என்ன படிப்பிப்பார்கள் என்று கேட்டேன், 'எல்லாம்தான்' என்றார். மாமாவோ 'முகாமைத்துவம் ஒன்றுக்கும் உதவாத படிப்பு, கணக்காளராகப் போ' என்கிறார். அம்மா அப்பா ஆறு அறை உள்ள விருந்தினர் விடுதி நடத்துகிறார்கள். கணிதத்தில் நான் சுமார். எனக்கு இது சரிவருமா? கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகம் கிடைத்தால் போதாதா?"

பிள்ளை, அந்த முகவர் சொன்ன 'எல்லாம்தான்' பொய் இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லை நம்பி ஐந்து வருடத்தையும் அப்பாவின் உழைப்பையும் கொடுக்க முடியாது. கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதலில் 'ஒருங்கிணைந்த' என்ற சொல். பட்டத்தின் பெயரில் அது வரும்போது ஒரே ஒரு விடயத்தைத்தான் சொல்கிறது: மூன்று வருட இளமாணிப் பட்டமும் இரண்டு வருட முதுமாணிப் பட்டமும் ஒரே அனுமதியில் வருகின்றன, நடுவில் இன்னொரு நுழைவுப் பரீட்சை இல்லை. இந்தியாவில் இதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது இந்தூரில் உள்ள இந்திய முகாமைத்துவ நிறுவனம். 2011 இல் பாடசாலை முடித்த பிள்ளைகளை நேரடியாக எடுத்து ஐந்து வருடப் படிப்பைத் தொடங்கினார்கள். அதன் பிறகு ரோத்தக், ராஞ்சி, ஜம்மு போன்ற இடங்களில் உள்ள சகோதர நிறுவனங்களும் தொடங்கின. தனியார் பல்கலைக்கழகங்கள் பலவும் இதே அமைப்பை எடுத்துக்கொண்டன. பெயர் ஒன்றுதான், உள்ளே இருக்கும் பாடம் ஒன்றல்ல. நீங்கள் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

நல்ல இடங்களில் முதல் மூன்று வருடம் முகாமைத்துவம் குறைவாகவும் அடிப்படைப் பாடங்கள் கூடுதலாகவும் இருக்கும். கணிதம், புள்ளிவிபரவியல், பொருளியல், கணக்கீடு, உளவியல், சமூகவியல், அரசியல், எழுத்தும் பேச்சும், கணினி. இந்தூரில் கடைசி இரண்டு வருடம் இந்தப் பிள்ளைகள் வெளியிலிருந்து முதுமாணி படிக்க வந்தவர்களோடு ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். அங்கே சந்தைப்படுத்தல், நிதி, மனிதவளம், செயற்பாடுகள், மூலோபாயம் எல்லாம் ஆழமாக வரும். சுமாரான இடங்களில் முதல் வருடமே 'முகாமைத்துவக் கோட்பாடுகள்' என்று தொடங்கி, அதே பாடத்தை நான்காம் வருடம் வேறு பெயரில் திரும்பப் படிப்பிப்பார்கள். ஒரு பாடத்திட்டத்தைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது, மூன்று வருடத்தில் புள்ளிவிபரவியல் எத்தனை செமஸ்டர் இருக்கிறது என்பதைத்தான்.

பாடப் பெயர்களை அடுக்கினால் உங்களுக்கு ஒன்றும் பிடிபடாது. உங்கள் வீட்டு விடுதியையே எடுப்போம். நான் போடுகிற கணக்குகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கும்.

ஒரு அறை ஒரு இரவுக்கு 9,000 ரூபா என்று வையுங்கள். ஒருவர் வந்து தங்கினால் மட்டும் ஏற்படும் செலவு இருக்கிறது. காலைச் சாப்பாடு 1,400, துணி கழுவ 500, ஏசி மின்சாரம் 750, முன்பதிவு இணையத்தளத்துக்கு 15 வீதத் தரகு 1,350. மொத்தம் 4,000. இதை மாறும் செலவு என்பார்கள். ஒரு அறை விற்றால் மிஞ்சுவது 5,000. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஓடுகிற செலவு இன்னொன்று. இரண்டு வேலையாட்களின் சம்பளம் 90,000, வங்கிக் கடன் தவணை 110,000, இணையம், தண்ணீர், பராமரிப்பு 50,000. மாதம் 250,000. அப்படியானால் மாதம் 50 அறை இரவுகள் விற்றால்தான் கையைக் கடிக்காது. ஆறு அறைக்கு 30 நாள் என்றால் 180 இரவுகள், அதில் 50.

சரி, ஆகஸ்ட் மாதம் 140 விற்கிறது. 450,000 இலாபம். டிசம்பரில் வாடைக்காற்றும் மழையும், கடல் கொந்தளிக்கிறது, புறாமலைத் தீவுக்குப் படகு போகாது. 20 தான் விற்கிறது. 150,000 நட்டம். அந்த நேரம் கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் நேரடியாகத் தொலைபேசியில் எடுத்து "ஒரு அறை 5,000 க்குத் தருவீர்களா" என்று கேட்கிறது. கொடுக்கலாமா?

வீட்டில் பெரும்பாலும் போடுகிற கணக்கு இதுதான்: மாதச் செலவு 250,000, அதை 20 ஆல் பிரித்தால் 12,500, அதோடு 4,000 சேர்த்தால் ஒரு அறை நமக்கு 16,500 விழுகிறது, 5,000 க்குக் கொடுத்தால் பெரிய நட்டம், வேண்டாம். கேட்கச் சரிபோல இருக்கும். ஆனால் அந்த 250,000, குடும்பம் வந்தாலும் போகத்தான் போகிறது. நேரடியாக வந்தவர் என்பதால் தரகும் இல்லை. உண்மையில் கூடுவது 2,650 மட்டும். 5,000 க்குக் கொடுத்தால் 2,350 ரூபா நட்டம் குறைகிறது. கொடுக்க வேண்டும். அதே குடும்பம் ஆகஸ்ட்டில் அதே விலை கேட்டால் கொடுக்கக் கூடாது, அந்த அறைக்கு 9,000 தர ஆள் நிற்கிறார்கள். இதுதான் கிரயக் கணக்கீடும் முகாமைக் கணக்கீடும். உயர்தரத்தில் நீங்கள் இதன் வாசலைத் தொட்டிருப்பீர்கள். பல்கலைக்கழகத்தில் உள்ளே போகிறீர்கள்.

இனி சந்தைப்படுத்தல் ஆசிரியர் குறுக்கே வருவார். "5,000 க்குக் கொடுங்கள், ஆனால் அந்த விலையை இணையத்தளத்தில் போடாதீர்கள். ஒருமுறை பார்த்தவர் மே மாதத்திலும் அதையே எதிர்பார்ப்பார்" என்பார். அடுத்ததாகச் சட்ட ஆசிரியர் கேட்பார்: "அந்த இரண்டு வேலையாட்களுக்கும் ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறீர்களா?" முதலாளி கட்ட வேண்டியது 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம். 90,000 க்கு 13,500 கூடுகிறது. மாதச் செலவு 263,500 ஆகிறது, விற்க வேண்டிய இரவுகள் 50 அல்ல, 53. சட்டப் பாடத்தில் படித்த ஒரு வரி, கணக்குப் பாடத்தில் எழுதிய விடையை மாற்றிவிட்டது பாருங்கள். மனிதவளம் படிப்பிப்பவர் வேறொரு கேள்வி கேட்பார்: டிசம்பரில் ஒருவரை நிறுத்தினால் ஏப்ரலில் அதே ஆள், விருந்தினரின் முகம் தெரிந்த ஆள், திரும்ப வருவாரா?

அப்பா நாளைக்கு இன்னும் நான்கு அறை கட்டுவோம் என்றால் நிதி முகாமைத்துவம் வரும். ஐந்து வருடம் கழித்துக் கிடைக்கும் பத்து இலட்சம், வருடத்துக்கு 12 வீத வட்டியில் பின்னோக்கிப் பார்த்தால் இன்றைக்கு ஏறத்தாழ 567,000 தான், அதாவது இன்றைக்கு அவ்வளவு போட்டால் அது ஐந்து வருடத்தில் பத்து இலட்சமாக வளரும். அந்த மதிப்பை வைத்துத்தான் கட்டுவதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். எல்லாம் முடிந்து கடைசி வருடத்தில் மூலோபாயப் பாடம், நான்கு அறை கட்டத்தான் வேண்டுமா, அந்தக் காசில் ஒரு படகு வாங்கித் திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப் போகலாமா என்று கேட்கும்.

எனக்கு 'ஒருங்கிணைந்த' என்றால் இதுதான். ஐந்து ஆசிரியர்கள் தனித்தனியாகச் சொன்னதை ஒரே விடுதியில் வைத்துச் சேர்த்துப் பார்க்கத் தெரிய வேண்டும். நல்ல பட்டப்படிப்பு அதற்கென்றே வேலை வைக்கும்: சம்பவ ஆய்வுகள், ஒரு நிறுவனத்தில் சில மாதப் பயிற்சி, கடைசியில் ஆய்வேடு. ஐந்து வருடமும் பரீட்சைக் குறிப்பைப் பாடமாக்கி முடிக்கிற இடத்தில் இரண்டு பட்டம் கிடைக்கலாம், இந்தச் சேர்க்கை கிடைக்காது. நான் இளைஞனாக இருந்தபோது சொந்தக்காரர் ஒருவரின் வலைக்கடையில் கடன் கொப்பி எழுதினேன். கணக்கீட்டில் நல்ல புள்ளி எடுத்தவன்தான். ஆனால் தொழிலுக்குப் போகும் முன்பு கடனுக்கு வலை வாங்கிப் போனவர்கள் மீன் பட்ட பிறகுதான் காசு தருவார்கள் என்பதையும், அதுவரை மொத்த வியாபாரிக்குக் கட்டக் கையில் காசு வேண்டும் என்பதையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. கொப்பியில் இலாபம் இருந்தது, பெட்டியில் காசு இல்லை. தொழிற்படு மூலதனம் என்ற சொல் எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான்.

மாமாவுக்கு ஒரு பதில். கணக்காளர் படிப்பு நல்ல படிப்பு, மறுக்கவில்லை. ஆனால் இரண்டும் எதிரெதிர் அல்ல. முகாமைத்துவப் பட்டம் படித்துக்கொண்டே பட்டயக் கணக்காளர் பரீட்சைகளுக்கு இருக்கிற பிள்ளைகள் நிறையப் பேர். நம் திருகோணமலையில் சீனன்குடா மாவாலையில் இருந்து சீமெந்துத் தொழிற்சாலை, எண்ணெய்க் களஞ்சியம், உப்புவெளி விடுதிகள் வரை எல்லா இடத்திலும் கணக்கு எழுத ஒருவர் போதாது. வாங்குவது, களஞ்சியத்தில் வைப்பது, ஆட்களைப் பார்ப்பது, விற்பது எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும்.

இனி கோணேசபுரி. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல், வணிகக் கற்கைகள் பீடம் இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகலாம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி சாதாரண இளமாணிப் பட்டம் ஐந்தாம் மட்டம், குறைந்தது 90 திறமைப் புள்ளிகள். நான்கு வருடச் சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டம், 120. ஒரு திறமைப் புள்ளி என்றால் 50 மணி நேரப் படிப்பு, விரிவுரை, வாசிப்பு, வேலை எல்லாம் சேர்த்து. 120 ஐப் பெருக்கிப் பாருங்கள், 6,000 மணி நேரம். பாட அடிப்படையில் நான் மேலே சொன்ன விடுதிக் கதை முழுவதும் இந்த நான்கு வருடத்துக்குள் வந்துவிடும். முதுமாணி மட்டும் பிறகு. இங்கே அதற்குப் போகும்போது பெரும்பாலும் வேலை அனுபவம் கேட்பார்கள். அது தடை என்று நினைக்காதீர்கள். ஊழியரோடு முரண்பட்டு, வாடிக்கையாளரிடம் ஏச்சு வாங்கி, பிறகு முதுமாணி வகுப்பில் உட்காரும்போது பாடம் வேறு மாதிரி ஏறும்.

என் கருத்தைக் கேட்டால், அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் எடுங்கள். கற்பித்தலுக்குக் கட்டணம் இல்லை, மிச்சமாகும் காசு பிறகு முதுமாணிக்கு உதவும். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி போதாமல் போனால் இந்தியாவைப் பாருங்கள். அங்கேயும் சொந்தக் காசுக்கு முன்பு இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் புலமைப்பரிசில்களுக்கு விண்ணப்பியுங்கள். இளமாணிப் படிப்புக்கு நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில் இருக்கிறது, வணிகமும் அதில் அடங்கும்.

முகவர் திரும்ப வந்தால் கல்லூரியின் படங்களை மூடி வைக்கச் சொல்லுங்கள். ஐந்து வருடப் பாடத்திட்டத்தை எழுத்தில் கேளுங்கள். மூன்று வருடத்தில் வெளியேறினால் இளமாணிப் பட்டம் கையில் தருவார்களா, அதன் பெயர் என்ன என்று கேளுங்கள். அப்பாவுக்கு ஒரு வருத்தம் வந்தால், தொழில் படுத்தால், நீங்கள் திரும்பி வர வேண்டியிருக்கும். அன்றைக்கு வெறுங்கையோடு வரக் கூடாது. 2020 ஆம் ஆண்டின் இந்தியத் தேசியக் கல்விக் கொள்கை இடையில் வெளியேறும் வழிக்கு இடம் கொடுக்கிறது. ஆனாலும் அந்தக் கல்லூரி தருகிறதா என்பதுதான் கேள்வி. அந்தப் பல்கலைக்கழகத்தை நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்பதை முகவரிடம் கேட்க வேண்டாம், ஆணைக்குழுவிடமே எழுதிக் கேளுங்கள். அப்புறம், பயிற்சிக்கு எங்கே அனுப்புவார்கள், வெளிநாட்டு மாணவருக்கும் அந்த வாய்ப்பு உண்டா என்பதையும் கேளுங்கள். இதில் பல பிள்ளைகள் ஏமாந்திருக்கிறார்கள்.

கணிதத்தில் சுமார் என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே உள்ள விடுதிக் கணக்கைப் பின்தொடர முடிந்ததா? முடிந்தால் பயம் வேண்டாம். முகாமைத்துவத்துக்கு வேண்டிய கணிதத்தில் பெரும்பகுதி வீதம், சராசரி, நிகழ்தகவு, வரைபடம் வாசித்தல் ஆகியவைதான். இந்திய முகாமைத்துவ நிறுவனங்களின் நுழைவுப் பரீட்சை மட்டும் கடினம், அதற்குத் தனியாகப் படிக்க வேண்டும். தமிழ் மொழிமூலப் பிள்ளைகளை நான் அதிகம் தடுமாறக் கண்டது கணிதத்தில் அல்ல, ஆங்கிலத்தில். இங்கேயும் அங்கேயும் விரிவுரை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். 'கடன்பட்டோர்' என்று சொன்னால் பட்டென்று விளங்குகிற பிள்ளை, அதையே ஆங்கிலத்தில் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறது. பாடம் தெரியாமல் அல்ல, சொல் தெரியாமல்.

முடிவு வர இன்னும் நாள் இருக்கிறது. அம்மாவின் கணக்குக் கொப்பியை எடுத்து, கடந்த டிசம்பரில் எத்தனை இரவு விற்றது, எதற்கு எவ்வளவு போனது என்று அறை அறையாக எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அந்தச் சொல்லை ஆங்கிலத்திலும் எழுதுங்கள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், அந்த 50 உங்கள் வீட்டில் எத்தனை என்று இருவரும் பார்ப்போம்.