மார்க்கர் டெஸ்ட் எடுக்கலாமா?

கேள்வி: வயது 54. பல வருடமாக நெஞ்செரிச்சல். எண்டோஸ்கோபி செய்ததில் ‘பாரெட் உணவுக்குழாய், 2 செ.மீ., டிஸ்பிளேசியா இல்லை’ என்று ரிப்போர்ட். இது புற்றுநோயாக மாறுமா என்பதை ஒரு மார்க்கர் டெஸ்ட் முன்கூட்டியே சொல்லிவிடும் என்கிறார் நண்பர். சிஇஏ ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: பாரெட் என்றால், மேலேறி வரும் அமிலத்தால் உணவுக்குழாயின் உள்தோல் குடல்தோல் மாதிரி மாறியிருக்கிறது என்று அர்த்தம். அந்தச் செல்கள் புற்றுநோயை நோக்கித் திரும்பத் தொடங்குவதுதான் டிஸ்பிளேசியா; அது உங்களுக்கு இல்லை. சிஇஏ என்பது சில புற்றுநோய்களில் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம். அந்த டெஸ்ட் வேண்டாம். பாரெட் புற்றுநோயாக மாறுமா என்பதை அது சொல்லாது. சிகரெட் பிடிப்பவர்களுக்குச் சும்மாவே கொஞ்சம் ஏறியிருக்கும். அப்புறம் அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்கேன் ஸ்கேனாக அலைய வேண்டியதுதான்.

உங்களுக்கு உதவக்கூடிய மார்க்கர் ரத்தத்தில் இல்லை. ஏற்கெனவே எடுத்த பயாப்சித் துணுக்கில் இருக்கிறது. லேபில் அதை மெழுகில் பதித்து ‘பிளாக்’காக வைத்திருப்பார்கள். அதிலிருந்து மெல்லியதாக ஒரு சீவல் எடுத்து, செல் புற்றுநோயாகாமல் தடுக்கும் பி53 என்ற புரதம் தெரியும்படி சாயம் ஏற்றிப் பார்க்கலாம். இந்தச் சாயப் பரிசோதனையை ஐஎச்சி என்பார்கள். கோளாறில்லாத திசுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளிர்ப்பழுப்பு தெரியும். ஓரிடத்தில் மட்டும் அப்பியதுபோல் கரும்பழுப்பு ஏறியிருந்தால் அந்தப் புரதத்துக்கான ஜீன் கெட்டிருக்கலாம். நேர்மாறாக, ஒரு பகுதி துடைத்துவிட்டதுபோல் வெறுமையாக இருந்தாலும் அதே சந்தேகம்தான். ஆகவே ‘பி53 நெகட்டிவ்’ என்றிருந்தால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். இயல்பாக இருக்கிறதா, அடியோடு காணோமா என்று கேளுங்கள்.

அமெரிக்காவில் டிஷ்யூசைஃபர் என்றொரு டெஸ்ட் இருக்கிறது. பி53 உட்பட 9 புரதங்களை இதே மாதிரித் துணுக்கில் கம்ப்யூட்டர் அளந்து மதிப்பெண் போடும். உங்கள் ரிப்போர்ட்டுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்பேன். டிஸ்பிளேசியா இல்லாத பாரெட்டில், ஆண்டுக்கு ஆயிரம் பேரில் ஒன்றிலிருந்து மூன்று பேருக்குத்தான் புற்றுநோய் வருகிறது.

ரிப்போர்ட்டில் ‘லோ கிரேடு டிஸ்பிளேசியா’ (லேசான டிஸ்பிளேசியா) என்று வந்திருந்தால் கதை வேறு. அதில் பத்தாலஜிஸ்ட்டுகளுக்குள்ளேயே ஒத்துப்போகாது. நெதர்லாந்தில் அப்படி எழுதப்பட்ட 147 பேரின் ஸ்லைடுகளை நிபுணர்கள் மறுபடி பார்த்தபோது, 85 சதவீதம் பேருக்கு அது உறுதியாகவில்லை. 2010-ல் வந்த ஆய்வு அது. அந்த மாதிரி இழுபறியில்தான் பி53 சாயம் கைகொடுக்கும்.

இப்போதைக்கு, பயாப்சியில் கோப்லெட் செல்கள் (குடலில் இருக்கும் கோப்பை வடிவச் செல்கள்) இருந்ததா என்று டாக்டரிடம் கேளுங்கள். இருந்தால், 3 செ.மீ.க்குக் குறைவான பாரெட்டுக்கு அமெரிக்க வழிகாட்டுதல்படி அடுத்த எண்டோஸ்கோபி 5 ஆண்டு கழித்து. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்; சிகரெட் இருந்தால் விட்டுவிடுங்கள். சாப்பாடு தொண்டைக்குக் கீழே அடைக்கிற மாதிரி இருந்தால் மட்டும் 5 ஆண்டுக் கணக்கெல்லாம் பார்க்காமல் அந்த வாரமே போய்விடுங்கள்.