ஃப்ளோரன்ஸ்ல கம்மி பட்ஜெட்ல சின்ன ஹோட்டல் எப்படி செலக்ட் பண்றது?

அப்பா அம்மாவோட மூணு நாள் போறீங்க, சென்டர்லயே இருக்கணும், செலவும் கையைக் கடிக்கக் கூடாதுன்னு கேட்டிருக்கீங்க. முதல்ல லிஃப்ட் இருக்கான்னு மெயில் போட்டு கேளுங்க. அங்க சின்ன ஹோட்டல் நிறைய பழைய பலாட்ஸோ, அதாவது மாளிகை மாதிரி பெரிய கட்டடத்துல ஏதோ ஒரு மாடியில மட்டும்தான் இருக்கும், சீலிங் ரொம்ப உயரம்ங்கறதால ரெண்டாவது மாடின்னா நம்மூர் மூணு மாடி ஏறுன மாதிரி, நான் தங்கின இடத்துல கல்படி நடுவுல தேஞ்சு குழியா இருந்துச்சு, பெட்டியை தூக்கிட்டு ஏறுறதுக்குள்ள மூச்சு வாங்கிடுச்சு.

ஏரியான்னா என் சாய்ஸ் சான் மார்கோ பக்கம். டுவோமோவுக்கு, அதாவது ஊரோட பெரிய சர்ச்சுக்கு, பத்து நிமிஷ நடைதான், ராத்திரியும் சத்தம் கம்மி. அர்னோ ஆத்துக்கு அந்தப் பக்கம் சான்தோ ஸ்பிரிதோ சதுக்கம் அழகுதான், ஆனா ராத்திரி லேட் வரைக்கும் கூட்டம் இருக்கும், பெரியவங்களுக்கு தூக்கம் போயிடும்.

டூரிஸ்ட் டாக்ஸ் தனி, ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு இவ்வளவுன்னு வாங்குவாங்க, பெரும்பாலும் ஹோட்டல்லதான் கட்டணும், அதையும் சேர்த்து கணக்கு போடுங்க. வாடகை கார் மட்டும் வேண்டாம், சென்டர் முழுக்க இசட்டிஎல், அதாவது வண்டிக்கு கட்டுப்பாடு இருக்கற ஏரியா, பர்மிட் இல்லாம நுழைஞ்சா கேமரா பிடிச்சு ஃபைன் வீட்டுக்கே வரும்.