பிரித்துக் கொடுக்கும் மக்கும் குப்பை உரமாகிறதா? வீட்டில் செய்தால் நாறுமா?

சேலத்தில் மாடி வீட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குப் பதில்: ஆகும், ஆனால் பிரித்துக் கொடுத்தால் மட்டுமே. நுண் உர மையத்தில், அதாவது வீடுகளின் மக்கும் குப்பையை உரமாக்கும் இடத்தில், காய்கறிக் கழிவை அரைத்து, தொட்டியில் இட்டு, சாணக் கரைசல் தெளித்துக் கிளறுவார்கள். அதில் ஒரு பால் கவர் கலந்தாலும் தூய்மைப் பணியாளர் கையை விட்டுத்தான் பொறுக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொல்லியிருந்தன: மக்குபவை, மக்காதவை, தீங்கு தரும் வீட்டுக் கழிவுகள். டயப்பரையும் நாப்கினையும் தனியே சுற்றிக் கொடுங்கள். அந்த மரியாதையாவது தூய்மைப் பணியாளர்களுக்கு நாம் தர வேண்டும்.

வீட்டில் நாற்றம் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் ஈரம். தண்ணீர் தேங்கினால் காற்று நுழையாது. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் பெருகி அழுகிய முட்டை வாடை வரும். சமையல் கழிவு ஒரு பங்கு என்றால், காய்ந்த சருகோ தென்னை நார்க்கழிவோ இரண்டு பங்கு போடுங்கள். அடியில் துளையிட்ட வாளி போதும். வாரம் ஒருமுறை கிளறுங்கள். மாம்பழக் காலத்தில் தோலைத் தாராளமாகப் போடலாம். கொட்டை மக்க வெகுகாலம் ஆகும், போடாதீர்கள்.

சேலத்துச் சித்திரை வெயிலில் சிக்கல் தலைகீழ்: வாளி காய்ந்து நுண்ணுயிரிகள் ஓய்ந்துவிடும். ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். கை நனைந்து, சொட்டாமல் இருந்தால் ஈரம் சரி. இரண்டு, மூன்று மாதங்களில் கறுத்து, மண்வாசனை வந்ததும் சலித்து, மூன்று பங்கு மண்ணோடு கலந்து தொட்டிகளில் இடலாம்.